நீரிறைக்கும் யந்திரத்தின் காபரேற்றர்: கோளாறுகளும் நிவாரணமும்

நீரிறைக்கும் யந்திரம் நின்றுவிட்டால் தோட்டமும் நின்றுவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நிலத்திலே வெங்காயத்துக்குச் சில நாள்களுக்கு ஒருமுறை நீர் பாய்ச்சுதல் அவசியம். குமிழ் பருக்கும் பருவத்தில் நீர் தவறினால் விளைச்சல் குறையும். மிளகாய் பூக்கும் பருவத்தில் நீர் தவறினால் பூ உதிரும். முன்னாளில் துலா மிதித்து நீரிறைத்த கமக்காரருக்கு ஆள் கிடைத்தாற் போதும்; வேலை நடந்துவிடும். இன்று பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு யந்திரத்தை நம்பியிருப்பவருக்கு அந்த யந்திரத்தின் இயல்பை அறிந்திருத்தலும் கமத்தொழிலின் ஒரு பகுதியாகும்.

பல ஆண்டுகள் உழைத்த பழைய யந்திரங்களில் உண்டாகும் தொல்லைகளுட் பெரும்பாலானவற்றுக்குக் காபரேற்றரே காரணம் எனக் கூறப்படுகின்றது. ஆயினும் காபரேற்றர் தானாகப் பழுதடைவது குறைவு. அதனுட் செல்லும் அழுக்கு, நீர், நாட்பட்ட எண்ணெய் ஆகியவையே அதனைக் கெடுக்கின்றன. கோளாறு கண்டவுடன் காபரேற்றரின் திருகாணியைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அநேகரிடம் உண்டு. இவ்வழக்கம் சிறு கோளாற்றைப் பெருங் கோளாறாக்கும். திருகாணி கடைசியாகத் தொட வேண்டியதேயன்றி முதலிற் தொட வேண்டியதன்று. இதனை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. காபரேற்றரின் தொழில்

எண்ணெயைக் காற்றுடன் அளவாகக் கலந்து யந்திரத்துக்குக் கொடுப்பதே காபரேற்றரின் தொழில். பெற்றோல் முற்றாக எரிவதற்கு, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும்.

தாங்கியிலிருந்து வரும் எண்ணெய் முதலிற் காபரேற்றரின் அடியிலுள்ள கிண்ணத்தை அடைகின்றது. கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. எண்ணெய் உயரும்போது மிதவையும் உயர்ந்து, ஊசி வால்வை அழுத்தி, எண்ணெய் வரும் வழியை மூடுகின்றது. எண்ணெய் குறையும்போது மிதவை தாழ்ந்து வழியைத் திறக்கின்றது. யந்திரம் காற்றை உறிஞ்சும்போது, காற்றுக் குழாயின் ஒடுங்கிய பகுதியில் காற்றின் வேகம் கூடி அமுக்கம் குறைகின்றது. அக்குறைந்த அமுக்கம் கிண்ணத்திலுள்ள எண்ணெயை ஜெற் எனப்படும் சிறு துவாரத்தின் வழியாக மேலே இழுத்துத் தூவுகின்றது. குளிர்ந்த யந்திரத்தைத் தொடக்கும்போது, சோக் எனப்படும் மூடி காற்றைக் குறைத்து எண்ணெய் மிகுந்த கலவையைக் கொடுக்கின்றது.

ஜெற்றின் துவாரம் மிகச் சிறியது. ஒரு மணற்றுணிக்கை அதனை அடைக்கப் போதும். ஆகவே சுத்தமான எண்ணெய், சுத்தமான காற்று, ஒழுக்கில்லாத இணைப்பு ஆகிய மூன்றுமே காபரேற்றரின் சுகத்துக்கு ஆதாரம்.

2. மண்ணெண்ணெயின் இயல்பு

மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் யந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, சில நிமிடங்கள் ஓடவிட்டு, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் வெண்புகை எழும்பும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள ஒயிலுடன் கலந்துவிடும். நீர்த்துப் போன ஒயில் உராய்வைத் தடுக்காது. யந்திரம் உட்பாகங்களில் விரைவில் தேயும். ஒயிலின் மட்டம் தானாக உயர்ந்திருந்தாலும், அளவுகோலை மணந்து பார்க்கும்போது மண்ணெண்ணெய் மணம் வீசினாலும், அவ்வொயிலை உடனே மாற்றுதல் வேண்டும்.

வேலை முடியும்போதும் இதே கவனம் வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் முழுதும் எரிந்து தீர விட வேண்டும். இவ்வாறு செய்யாது நிறுத்திய யந்திரம் மறுநாட் காலையில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் தொடங்காது. அதனைக் காபரேற்றர்க் கோளாறு எனக் கருதி அகற்றிப் பிரிப்பவர் உளர். கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்தி, மண்ணெண்ணெயை ஒரு தகரத்தில் வடித்து, பெற்றோல் நிரம்பவிட்டாற் போதுமானது.

1990களில் வடபகுதியில் பெற்றோல் அரிதாயிருந்த காலத்தில், சில துளி பெற்றோலைக் காற்றுவாயில் விட்டுத் தொடக்கி, மண்ணெண்ணெயில் யந்திரங்களை ஓட்டும் முறையைப் பலரும் கையாண்டனர். அது நெருக்கடிக்கு ஏற்ற உபாயமே. பெற்றோலுக்கென்றே அமைக்கப்பட்ட யந்திரத்தை இன்றும் அவ்வாறு ஓட்டுதல் நன்றன்று. அத்தகைய யந்திரத்தில் மண்ணெண்ணெய் தட்டலொலியையும், கரிப் படிவையும், மிகுந்த சூட்டையும் உண்டாக்கும். இரு தாங்கிகளுடன் மண்ணெண்ணெய்க்கென அமைக்கப்பட்ட யந்திரங்களிலேயே அதனை உபயோகித்தல் வேண்டும்.

3. முதலிற் பரிசோதிக்க வேண்டியவை

ஓர் உதாரணத்தைக் கருதுக. வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சும் யந்திரம் ஒன்று தொடங்கிப் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகின்றது. சிறிது நேரம் கழித்து மீண்டும் தொடங்குகின்றது, மீண்டும் நிற்கின்றது. உரிமையாளர் முதலில் திருகாணியைத் திருப்புகின்றார். பின்னர்ப் புதிய பிளக் வாங்கிப் பூட்டுகின்றார். அடுத்ததாக ஜெற்றைக் கழற்றிக் கம்பியாற் குத்துகின்றார். மூன்று நாள் கழிந்து பாத்தி வெடித்த பின்னரே, தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தைக் குளவி மண்ணால் அடைத்திருப்பது தெரிய வருகின்றது. துவாரத்தைச் சுத்தஞ் செய்ய ஒரு நிமிடமும் செல்லாது. ஆயினும் திருகாணி பழைய நிலையில் இல்லை. ஜெற்றின் துவாரமும் பெருத்துவிட்டது. இப்பொழுதுதான் காபரேற்றருக்கு மெய்யான கோளாறு உண்டாகியிருக்கின்றது.

இத்தகைய நட்டத்தைத் தவிர்ப்பதற்குப் பின்வரும் ஒழுங்கிற் பரிசோதித்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, யந்திரத்தை ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

(அ) எண்ணெய். தாங்கியில் எண்ணெய் உண்டா, வால்வு திறந்திருக்கின்றதா எனப் பார்க்க. வடிதிருகாணி வழியாகச் சிறிது எண்ணெயை ஒரு தெளிந்த கண்ணாடிப் போத்தலில் வடித்துச் சில நிமிடம் அசையாது வைக்க. நீர் கலந்திருந்தால் அடியில் வேறாகத் தங்கி நிற்கும். அவ்வாறாயின் தாங்கியையும் கிண்ணத்தையும் முற்றாக வடித்து, துணியில் வடிகட்டிய புதிய எண்ணெயை ஊற்ற வேண்டும்.

(ஆ) தாங்கி மூடி. மூடியைத் தளர்த்தி ஓட்டுக. தளர்த்தியவுடன் யந்திரம் நிற்காது ஓடுமாயின் காற்றுத் துவாரமே அடைபட்டுள்ளது.

(இ) எண்ணெய் வடி. வால்வின் அடியிலுள்ள வலைவடியைக் கழற்றிக் கழுவுக. குழாயைக் காபரேற்றர்ப் பக்கத்தில் கழற்றி வால்வைத் திறந்தால், எண்ணெய் தடையின்றி ஒழுக வேண்டும்.

(ஈ) காற்று வடி. புழுதி நிறைந்த வடி காற்றைத் தடுத்துக் கரும்புகையை உண்டாக்கும். வடியைச் சுத்தஞ் செய்தல் வேண்டும். அகற்றிவிட்டு ஓட்டுதல் கூடாது. செம்மண் புழுதி உள்ளே சென்றால் சிலிண்டரை அரம்போல் அராவிவிடும்.

(உ) தீப்பொறி. பிளக்கைக் கழற்றித் துடைத்து அதன் இடைவெளியைப் பார்க்க. அது அநேக யந்திரங்களில் சுமார் 0.7 மில்லிமீற்றர் ஆகும்; உற்பத்தியாளர் வேறு அளவு கூறியிருப்பின் அதுவே சரி. பிளக்கைத் தொப்பியிற் பூட்டி, யந்திரத்தின் உலோகப் பகுதியில் முட்டவைத்துக் கயிற்றை இழுத்தால், நீல நிறப் பொறி தோன்ற வேண்டும். எண்ணெய் சிந்தியிருக்கும் இடத்திலும், பிளக் துவாரத்தின் அருகிலும் இப்பரிசோதனையைச் செய்தல் ஆபத்து.

4. பிளக் கூறும் செய்தி

கலவை எவ்வாறிருக்கின்றது என்பதைப் பிளக்கின் நுனியைப் பார்த்தே பெரும்பாலும் அறியலாம். சில நேரம் சுமையுடன் ஓட்டி நிறுத்திய பின்னர், ஆறவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நுனி வெளிர்க் கபில நிறமாயின் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் எண்ணெய் மிகுந்த கலவை. வெளுத்து வெந்தது போலிருந்தால் காற்று மிகுந்த கலவை. ஒயில் பூசியது போலிருந்தால் அது காபரேற்றரின் குற்றமன்று. பிஸ்டன் வளையமோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்திருக்கலாம்.

தொடங்காத யந்திரத்திலும் பிளக் வழிகாட்டும். பலமுறை கயிற்றை இழுத்த பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் மிகுதியாக வந்துவிட்டது, அல்லது பொறி இல்லை. நனைந்த பிளக்கைத் துடைத்து, எண்ணெய் வால்வை மூடி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமற் சிலமுறை இழுத்து உள்ளிருக்கும் எண்ணெயை வெளியேற்றிய பின்னர் மீண்டும் பூட்டுக.

எண்ணெய் மிகுந்த கலவை பணத்தை வீணாக்கும். 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது இதனைக் கமக்காரர் நன்கு உணர்ந்தனர். காற்று மிகுந்த கலவையோ யந்திரத்தையே அழிக்கும். அது சூட்டைக் கூட்டி, வெளியேற்று வால்வை எரித்துவிடும்.

5. குறிகளும் காரணங்களும்

சோக்கை மூடினால் மட்டும் ஓடுதல்: கலவையிற் காற்று மிகுந்துள்ளது. ஜெற் பாதி அடைபட்டிருக்கலாம். காபரேற்றரை யந்திரத்துடன் இணைக்குமிடத்திலுள்ள காஸ்கற் வெடித்து, அவ்வழியே காற்று ஒழுகவும் கூடும். யந்திரம் ஓடும்போது அவ்விணைப்பின் மீது சிறிது சவர்க்கார நீரைத் தடவுக. ஓடும் ஒலி மாறினால் அங்கே ஒழுக்கு உண்டு. நட்டுகளைச் சமமாக இறுக்கியும் நில்லாதாயின் காஸ்கற்றை மாற்ற வேண்டும். சோக்கை மூடியபடியே நாள்தோறும் ஓட்டிக் காலத்தைக் கழித்தல் கூடாது.

வேகம் ஏறியும் இறங்கியும் அலைதல்: சிறு ஜெற் அடைபட்டதன் அடையாளம் இது. வேகக் கட்டுப்பாட்டு வில் துருப்பிடித்தாலும் இவ்வாறாகும். வில்லும் அதன் தண்டுகளும் தடையின்றி அசைகின்றனவா என முதலிற் பார்க்க.

கரும்புகையும் மந்தமும்: சோக் முற்றாகத் திறக்கவில்லை, காற்று வடி அடைபட்டுள்ளது, அல்லது கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் உயர்ந்துள்ளது.

காபரேற்றரிலிருந்து எண்ணெய் ஒழுகுதல்: ஊசி வால்வில் அழுக்கு ஒட்டியிருக்கலாம். ஊசியின் நுனியில் வளையம்போற் தேய்வு காணப்பட்டால் புதியது வேண்டும். மிதவையைக் காதருகே அசைத்துப் பார்க்க. உள்ளே எண்ணெய் அசையும் ஒலி கேட்டால் அது துவாரப்பட்டுள்ளது. பித்தளை மிதவையாயின், அடுப்புக்குத் தொலைவிற் கொண்டுவந்த சுடுநீரில் அமிழ்த்த, துவாரத்திலிருந்து குமிழி எழும்பும்.

சும்மா ஓடும்போது நன்றாயிருந்து, நீர் இழுக்கும்போது தளர்தல்: பெரிய ஜெற்றோ எண்ணெய் வழியோ பாதி அடைபட்டுள்ளது. யந்திரம் நன்றாக ஓடியும் நீர் வரவில்லையாயின் குற்றம் காபரேற்றரில் அன்று. உறிஞ்சு குழாயின் இணைப்பையும் அடிவால்வையும் பார்க்க வேண்டும்.

6. சுத்தஞ் செய்யும் முறை

மேற்கூறிய பரிசோதனைகளின் பின்னரும் குற்றம் நீங்காதாயின் காபரேற்றரைக் கழற்றலாம்.

யந்திரம் ஆறிய பின் எண்ணெய் வால்வை மூடி, பிளக்கின் தொப்பியை அகற்றுக. வெளிப்புறப் புழுதியைக் கழற்றுமுன்னரே துடைத்துவிட வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, கழற்றும் உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே வரிசையாக வைக்க. சிறு வில்லும் வளையமும் மண்ணில் விழுந்தாற் கிடைக்கமாட்டா.

கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் அச்சூசியை மெல்லத் தள்ளி எடுத்து, மிதவையையும் ஊசி வால்வையும் வேறாக்குக. ஜெற் பித்தளையாலானது. அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குறூ டிறைவராலேயே கழற்ற வேண்டும். பொருந்தாத கருவி வெட்டைச் சிதைத்துவிடும்.

கலவைத் திருகாணியைக் கழற்றுமுன், அது மெல்ல முட்டும் வரை உள்ளே திருப்பி, எத்தனை சுற்று என்பதை எண்ணிக் குறித்து வைக்க. அக்குறிப்பே பழைய நிலைக்குத் திரும்பும் வழி.

உறுப்புகளைப் புதிய பெற்றோலிற் கழுவித் தூரிகையால் தேய்க்க. ஜெற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடைபட்டிருந்தால் துவிச்சக்கரவண்டிப் பம்மினாற் காற்றடித்து நீக்குக. அதற்கும் நீங்காத படிவைப் பெற்றோலில் ஊறவைத்து, மெல்லிய தங்கூசி இழையைச் செலுத்தி நீக்கலாம். ஊசி, உருக்குக் கம்பி, துளைகருவி ஆகியவற்றை உபயோகித்தல் கூடவே கூடாது. துவாரம் சிறிதளவு பெருத்தாலும் கலவையின் அளவு நிரந்தரமாக மாறிவிடும். காபரேற்றர் உடலிலுள்ள சிறு வழிகள் எல்லாவற்றிலும் காற்றடித்து, ஒருபுறம் அடித்த காற்று மறுபுறம் வருகின்றதா எனப் பார்க்க வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது வெடித்த காஸ்கற்றைப் பசை பூசிச் சரிப்படுத்த முயலுதல் கூடாது. பசைத் துண்டு உதிர்ந்து ஜெற்றையே அடைக்கும்.

7. திருகாணியைச் செப்பஞ் செய்தல்

எல்லாம் சுத்தமாகி, ஒழுக்கு எதுவுமில்லை எனத் தெரிந்த பின்னரே திருகாணிக்கு வர வேண்டும். குறித்து வைத்த சுற்றுக்கே முதலில் அதனைக் கொண்டுவருக. குறிப்பு இல்லையாயின், மெல்ல முட்டும் வரை உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பித் தொடங்கலாம். இறுக்கி முட்டவைத்தால் திருகாணியின் கூர்நுனி நசிந்துவிடும்.

யந்திரம் நன்கு சூடேறிய பின், மெதுவாக ஓடும் நிலையில், கால் சுற்றுக்கு மேற்படாது திருப்பிச் சில வினாடி பொறுத்து ஒலியைக் கேட்க. சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தைக் கண்டு, அதிலிருந்து எண்ணெய் சிறிதே கூடும் பக்கமாக நிறுத்துக. எண்ணெயை அளக்கும் திருகாணியை வெளியே திருப்பினால் எண்ணெய் கூடும். காற்றை அளக்கும் திருகாணியை வெளியே திருப்பினால் காற்றுக் கூடும். தம் யந்திரத்திலுள்ளது எவ்வகை என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

8. சவ்வுக் காபரேற்றர்

மரமரியும் சங்கிலி வாளில் மிதவை இராது. எப்பக்கம் சரித்தாலும் எண்ணெய் கிடைப்பதற்காக மெல்லிய சவ்வொன்று அதன் இடத்தில் உண்டு. பழைய வாள்களில் இச்சவ்வு விறைத்துப் போவதே பிரதான கோளாறு. யந்திரம் தொடங்கும், வேகத்தைக் கூட்டியவுடன் நின்றுவிடும். கழற்றிய சவ்வு துணிபோல் வளையாது தாள்போற் சரசரத்தால் அதனையும் அதன் காஸ்கற்றையும் மாற்ற வேண்டும். இவ்வாள்களின் யந்திரங்கள் பெற்றோலுடன் கலந்த ஒயிலையே உராய்வு நீக்கியாகக் கொள்கின்றன. ஆதலால், காற்று மிகுந்த கலவையில் ஓட்டினால் ஒயிலும் குறைந்து, பிஸ்டன் இறுகிவிடும்.

9. ஓய்வாக வைக்கும்போது

காலபோக மழையுடன் இறைப்பு நின்று, யந்திரம் மாதக்கணக்கிற் கொட்டிலிற் கிடக்கும். அப்பொழுது பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகி ஜெற்றிற் படியும். அடுத்த போகத்தின் கோளாறுகளுட் பல இவ்வாறே பிறக்கின்றன. ஆகவே ஓய்வுக்கு வைக்குமுன் தாங்கிகளையும் கிண்ணத்தையும் வடித்து, தாங்கி மூடியை இறுக்கி, காற்றுவாயைத் துணியால் மூடி வைத்தல் வேண்டும். சில நிமிட வேலையாகிய இது, அடுத்த போகத்திற் சில நாள்களை மிச்சப்படுத்தும்.

10. பாதுகாப்பு

பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். திறந்த வெளியிலேயே வேலை செய்க. விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் அருகில் வேண்டாம்.

குழாயை வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுத்தல் கூடாது. மண்ணெண்ணெய் சுவாசப்பையுட் புகுந்தால் உயிருக்கு ஆபத்து. எவரேனும் அதனை விழுங்கினால் வாந்தி எடுக்கச் செய்யாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குடிநீர்ப் போத்தலில் மண்ணெண்ணெயை வைத்தலும் ஆகாது. பிள்ளைகள் நீரென எண்ணிக் குடித்துவிடுவர்.

நீர்மட்டம் தாழ்ந்த காலத்தில் யந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுதல் கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் தங்கி, இறங்குபவரைக் கொல்லும்.

கழுவிய எண்ணெயைக் கிணற்றருகே ஊற்றுதல் கூடாது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் தங்கியுள்ளது. மேலே சிந்தியது கீழே இறங்கத் தடையில்லை. தோட்டத்துக்கு இறைக்கும் நீரே வீட்டுக்குக் குடிநீராகவும் இருப்பதைக் கமக்காரர் மறத்தலாகாது.

நினைவில் வைக்க வேண்டியவை

எண்ணெய், மூடி, வடி, காற்று, பொறி என்னும் ஒழுங்கிற் பரிசோதிக்க. பிளக்கின் நுனியைப் பார்த்த பின்னரே முடிவு செய்க. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. ஜெற்றைக் கம்பியாற் குத்தற்க. சுற்றை எண்ணாது திருகாணியைத் தொடற்க. இவற்றைக் கைக்கொள்ளும் கமக்காரரின் பழைய யந்திரம் இன்னும் பல போகங்களுக்கு உழைக்கும். பாத்தியும் நீரின்றி வெடிக்காது.